மக்கும் பை

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் பத்தே நாள். அந்த ஒரு திருவிழா வியாபாரம்தான் தபஸ்ஸுமின் பைக்கடைக்கு வருஷச் சோறு. திருத்தணி மலைப்படியோரம் பூத்தட்டு விற்கிற முப்பது பேரும் அவளிடம்தான் பை வாங்குவார்கள். இந்த வருஷம் ‘மக்கும்’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை வந்திருந்தது. பிளாஸ்டிக் பிடிபட்டால் கடை பறிபோகும் என்பதால் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அச்சை மட்டும் நம்பிச் சொல்ல அவளுக்கு மனசில்லை. தை மாதமே மாதிரிப் பை ஒன்றில் பூக்காரி மணியம்மையின் வாடிய சாமந்தி மாலையைத் திணித்து, முடிச்சுப் போட்டு, கொல்லைக் குப்பைக்குழியில் புதைத்திருந்தாள்.

அன்று காலை அவளும் மணியம்மையும் குழியைத் தோண்டினார்கள். கம்பெனி ஏஜென்ட் ஆனந்தன் ஆட்டோவில் மூட்டைகளோடு வந்து நின்றதும் அப்போதுதான்.

பை கிடைத்தது. மண்ணைத் துடைத்தால் பச்சை எழுத்து பளிச்சென்று தெரிந்தது. தபஸ்ஸும் கிழித்துப் பார்த்தாள். மாலை இல்லை, ஒரு பிடி கறுப்பு மண்.

“பூவு சொல்லாம கொள்ளாம மக்கிப்போச்சு. சொல்லிகினு இருந்தது அப்படியே கீது,” என்றாள் மணியம்மை.

“பொய் இல்லக்கா,” என்றான் ஆனந்தன். “நிஜமாவே மக்கும். அதுக்குன்னு ஆலை இருக்குது, விடாம அறுபது டிகிரி சூடு வேணும். வீட்டுக் குழியில ஆவாது.”

“ஏம்பா, திருத்தணி வெயிலு பத்தாதா?” என்றாள் மணியம்மை.

தபஸ்ஸும் சிரிக்கவில்லை. கிழிந்த பையை உதறி ஆனந்தன் முன் நீட்டினாள். ஆட்டோக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

“அந்த ஆலை இந்தப் பக்கம் எங்கயாவது இருக்குதா?”

“இல்லக்கா.”

“அப்ப மூட்டைய இறக்காத.”

“சீசன் போயிடும்க்கா!”

“போவட்டும். இங்க மக்காதத மக்கும்னு என் வாயால சொல்ல மாட்டேன்.”

ஆட்டோ திரும்பிப் போனது. அடுத்த பஸ்ஸில் அவள் ஆர்.கே.பேட்டைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் தறிக்காரர்களிடம் வாங்கிய பருத்தி வெட்டுத்துணியோடு வந்து இறங்கினாள். தையல் மெஷினில் உட்காரும் முன் ஒரு துண்டை அதே குழியில் போட்டு மூடி, மேலே செங்கல் வைத்தாள்.

“பத்து நாள்ல முப்பது கடைக்கும் தச்சுருவியா?” என்றாள் மணியம்மை.

“பாதிக் கடைக்குத்தான் வரும். நீ வெட்டிக் குடு.”

“பையில என்ன அச்சடிக்கப் போற?”

“ஒண்ணும் வேணாம்,” என்று தபஸ்ஸும் மெஷினை மிதித்தாள்.