டுவூம்பாவில் ஒரு பச்சை கேட்

பயிற்சி முடிந்து முழங்காலில் சேறோடு நின்றபோது தொலைக்காட்சிக்காரி ஒருத்தி மைக்கை நீட்டினாள். சின்ன வயதில் எங்கே இருந்தாய் என்று கேட்டாள். நஷ்வா யோசிக்கவேயில்லை.

"டுவூம்பாவில். பதின்மூன்று வயது வரைக்கும் அங்கேதான்."

பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அணித்தோழி டாலியா போத்தலைத் தாழ்த்தி அவளைப் பார்த்தாள். அதன் பிறகுதான் நஷ்வாவுக்குத் தான் சொன்னது உறைத்தது.

அது பொய். ஆனால் அவளுடைய நாக்குக்கு அது மிகவும் பழகிய பொய். பத்து வயதில் அவள் இலங்கையின் புத்தளத்திலிருந்து உம்மா வாப்பாவுடன் ஆஸ்திரேலியாவுக்கு வந்தாள். பெருநகரங்களுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடும்பம் முழுவதும் சில வருடங்கள் வசிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விசாவின் நிபந்தனை. வாப்பாவுக்கு குயின்ஸ்லாந்தின் டுவூம்பாவில் மெக்கானிக் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்த சில வாரங்களில் தம்பி அஹ்மத் இதயத்தில் ஓட்டையோடு பிறந்தான். தெரியாத ஊரில் தனியாகச் சமாளிக்க முடியாமல் உம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு, வெஸ்ட்மீட்டில் இருந்த தன் தங்கை, நஷ்வாவின் சாச்சியின் வீட்டுக்கு வந்தாள். ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் பேச்சு. திரும்பவில்லை. நிபந்தனைக் காலம் முடியும்வரை வாப்பா அங்கேயே தனியாக இருந்தார். கேட்பவர்களுக்கு மட்டும் நான்கு பேரும் டுவூம்பாவில் இருந்தார்கள்.

சாச்சியின் காரில் எங்கே போனாலும் உம்மா முன் இருக்கையிலிருந்து கேட்பாள்.

"எங்க இருக்கிறீங்க?"

"டுவூம்பாவில."

"வீட்டு கேட் என்ன நிறம்?"

"பச்சை."

அந்த ஊரைப் பற்றி நஷ்வாவுக்கு உண்மையில் ஞாபகமிருந்தது காலை மூடுபனி மட்டும்தான். பனிக்குள் தன்னைப் போலவே ஒரு சிறுமி பச்சை கேட்டைத் திறந்து பள்ளிக்கூடம் போவதாக அவள் நினைத்துக்கொள்வாள். சில சமயம் அந்தச் சிறுமி நின்று திரும்பிப் பார்ப்பாள். முகம் மட்டும் இருக்காது.

இப்போது நஷ்வாவுக்குப் பதினெட்டு வயது. ரக்பி லீக்கில், சிட்னி இருக்கும் மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். குயின்ஸ்லாந்துக்கு எதிரான ஆட்டம். நீலச் சட்டைக்கும் கருஞ்சிவப்புச் சட்டைக்கும் இடையிலான அந்தப் பழைய பகையில் பாதி களத்துக்கு வெளியேதான் நடக்கும். யார் எந்த மாநிலத்துப் பிள்ளை என்று வானொலியில் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவார்கள். விதி எளிமையானது: பதின்மூன்று வயதாகும் முன் எங்கே வாழ்ந்தாயோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆடலாம்.

பேட்டி வெளியான மறுநாளே குயின்ஸ்லாந்து ஆட்சேபம் தெரிவித்தது. எங்கள் பிள்ளையை எங்களிடம் தாருங்கள் என்றது.

"பயப்படாத. விசாரணை வீடியோவிலதான்," என்றார் பயிற்சியாளர். நஷ்வா அவருடைய அணிக்கு வந்தது பதினைந்து வயதில். அதற்கு முந்தைய கதை அவருக்குத் தெரியாது. "எங்க இருந்தன்னு உண்மையைச் சொல்லு, போதும்."

வீட்டில் குசினிக் குழாயைத் திறந்தபடியே உம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நஷ்வா சொல்லி முடித்ததும் குழாயை மூடினாள். அடுத்த மாதம் உம்மாவும் வாப்பாவும் நகரசபை மண்டபத்தில் குடியுரிமைச் சத்தியம் செய்ய இருந்தார்கள். அதற்கென்று எடுத்த அபாயா விலைச்சீட்டோடு கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"வெஸ்ட்மீட்டில இருந்தன் எண்டு சொன்னாப் போதும் உம்மா. நான் ஆடலாம்."

"யாருக்கிட்ட சொல்ற?"

"மூணு பேர். ரக்பி ஆக்கள். இமிக்ரேஷன் இல்ல."

"அவங்கட கம்ப்யூட்டரும் இவங்கட கம்ப்யூட்டரும் கதைக்காதா, புள்ள?"

"பேப்பர்ல போடுவாங்க மகள்," என்றார் வாப்பா. "அப்ப நாங்க அந்த வருஷமெல்லாம் பொய் சொல்லி இருக்கம் எண்டு எழுத்தில வரும். எல்லாத்தையும் திருப்பி எடுத்தா எங்க போற?"

அக்காவைத் தாத்தா என்றே கூப்பிடும் அஹ்மத் ஹாலிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப தாத்தா தேரையா?"

குயின்ஸ்லாந்துக்காரர்களைச் சிட்னியில் தேரைகள் என்பார்கள். அவர்கள் சிட்னிக்காரர்களைக் கரப்பான்பூச்சிகள் என்பார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவன் சட்டைக் கழுத்துக்கு மேலே தெரிந்த இதய அறுவைத் தழும்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு நஷ்வா நின்றாள்.

ஆனால் பொய்யைக் காப்பாற்றவும் ஒரு தடை இருந்தது. அது டாலியா. வெஸ்ட்மீட் ஆரம்பப் பள்ளியில் நஷ்வாவுக்குப் பக்கத்து மேசைக்காரி.

"நானே விசாரணையில் வந்து சொல்றேன்," என்றாள் டாலியா, மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில். "நாலு வார்த்தை. என் கலர் பென்சிலையெல்லாம் திருடினவள் இவள்தான்னு."

"வராத."

"ஏன்?"

டாலியா நல்லவள். ஆனால் ஒரு விஷயம் அவளுக்குத் தெரிந்தால் அணியின் பேருந்து முழுவதற்கும் தெரியும். நஷ்வா சப்பாத்தின் நாடாவைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"இங்க என்னை பெஞ்சிலதான் வைப்பாங்க. அங்க போனா முதல்லயே இறக்குவாங்க. எனக்கு அங்க ஆடத்தான் விருப்பம்."

"அதுக்காக டுவூம்பான்னு கதை விட்டியா?"

"கதை இல்ல. நான் அங்கதான் இருந்தேன்."

டாலியா தன் பையைத் தோளில் மாட்டினாள். தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள்.

"சரி, தேரை," என்றாள் கடைசியில். "நான் வாயைத் திறக்க மாட்டேன். களத்துல பந்தோட வா, பார்த்துக்கிறேன்."

விசாரணை கேள்வி கேட்டு முடிவதற்குள் முடிந்துவிட்டது. திரையில் மூன்று முகங்கள். கண்ணாடி போட்ட பெண்மணி அன்பாகக் கேட்டாள். நஷ்வா கேமராவுக்கு அப்பால், கதவோரம் நின்ற உம்மாவைப் பார்த்தாள். "டுவூம்பா," என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அன்றைக்கு உம்மா பெருநாளைப் போலச் சமைத்தாள். எனக்கு எந்த அணியும் வேண்டாம் என்றாள் நஷ்வா.

"வேணாமெண்டா ஏனெண்டு கேப்பாங்க, மகள்," என்றார் வாப்பா, சோற்றைப் பிசைந்தபடி. "ஆடிட்டு வாங்க. அதோட முடிஞ்சுது."

குயின்ஸ்லாந்து அணியின் மேலாளர் இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். உற்சாகமான குரல். நஷ்வா குசினியில் நின்று கேட்டாள்.

"வீடு திரும்பின பிள்ளையோட கதைன்னா எல்லாருக்கும் பிடிக்கும். சனிக்கிழமை உன்னோட பழைய தெருவிலேயே படம் பிடிக்கிறோம். ஒரு ஆச்சரியமும் இருக்கு. உங்க பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டுபிடிச்சுட்டோம். நாற்பது வருஷமா அங்கேயே இருக்காங்க."

"அப்படியா," என்றாள் நஷ்வா.

"உங்க அப்பாவை நல்லா ஞாபகம் இருக்காம். உன்னைத்தான் ஞாபகம் வரலையாம். நேர்ல பார்த்தா வந்துடும்னாங்க."

நஷ்வா கைபேசியை மேசையில் வைத்தாள். உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேட்டதை அப்படியே சொன்னாள். உம்மா கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். சாச்சியின் காரில் கேட்ட அந்தப் பழைய குரலில் கேட்க ஆரம்பித்தாள்.

"எங்க இருந்தீங்க?"

"டுவூம்பாவில."

"கேட் என்ன நிறம்?"

"பச்சை."

"பக்கத்து வீட்டில யாரு?"

அந்தக் கேள்விக்கு மட்டும் உம்மா என்றைக்கும் பதில் சொல்லிக் கொடுத்ததில்லை. இரண்டு பேரும் வாப்பாவைப் பார்த்தார்கள்.

"பேரெல்லாம் தெரியா," என்றார் வாப்பா. "வேலைக்குப் போகக்குள்ள கை காட்டுவா. நானும் காட்டுவன்."

"கதைச்சதே இல்லயா?"

"ஒருக்கா கதைச்ச. குப்பைத் தொட்டிய உள்ள இழுக்கக்குள்ள வேலிக்கு அங்கால நிண்டு கேட்டா, இவ்வளவு பெரிய வீட்டில தனியாவா இருக்கீங்க எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க வாப்பா?"

வாப்பா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம், தனியத்தான் எண்டன்," என்றார்.