பதினேழாவது பெயர்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. எங்கள் ஊர் நகரசபை அக்டோபரில் வரும் போர் நினைவு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறது. கிரேக்க நாட்டின் இந்த எபிரஸ் மலைப்பக்கத்தில் மருந்துக்கடையும் நடத்திக்கொண்டு கதையும் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அதனால், "கேப்டன் லாம்ப்ரோஸ் கலிவாஸின் வீரத்தைப் பற்றி நாலு பக்கம்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவருடைய பதக்கத்தோடு வந்த தாள் நகரசபைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. 'இத்தாலியருடன் நடந்த போரில், 1941 ஜனவரியில், எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைத் தனியாளாகக் கைப்பற்றியதற்காக.' அதைப் படித்துவிட்டு வந்து இப்படி ஆரம்பித்தேன்:

'சிங்கம்போல் பாய்ந்தார் கேப்டன். அவர் கையில்

கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று அவரிடமே போனேன். திராட்சைக்கொடியைக் கவ்வாத்து செய்துகொண்டிருந்தவர், அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

"அந்தத் துப்பாக்கிய நான் கண்ணால கூடப் பாக்கலப்பா. சத்தம் மட்டும்தான் கேட்டேன். அதுவே போதும் போதும்னு ஆயிடுச்சு."

"அப்போ அந்தத் தாள்ல இருக்கறது?"

"அத ஒருத்தர் ஏதென்ஸ்ல நாற்காலில உக்காந்து எழுதினாரு. உன்னை மாதிரி."

(கடைசி இரண்டு வார்த்தைகளை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

2

ஆகவே மறுபடியும் ஆரம்பிக்கிறேன், அவர் சொன்னபடி.

கலிவாஸுக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அல்பேனிய மலையில், முழங்கால் பனியில், அவருடைய காலாட்படைக் கம்பெனிக்குக் குண்டைவிடக் குளிர்தான் பெரிய எதிரி. கால் விரல்கள் கறுத்து அழுகின. சாயங்காலம் ஆனால் ஒவ்வொருத்தனையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, தானே மண்டிபோட்டுப் பாதத்தைப் பிடித்துப் பார்ப்பார். கேப்டனுக்கு முகம் மறந்தாலும் பாதம் மறக்காது என்று வீரர்கள் கேலி பேசினார்கள். ஆனால் பக்கத்துக் கம்பெனியில் கால் போனவர்கள் முப்பது பேர். இவருடையதில் நாலு பேர்.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. இத்தாலியர் எதிர்த்தாக்குதல் தொடங்கிவிட்டார்கள். ஆற்றைத் தாண்டிப் பின்வாங்கவேண்டும். நாலு மணிக்குப் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிட வேண்டும். மலைமுகட்டில் காவலுக்குப் போன பதினேழு பேர்? அவர்களை மறந்துவிடு என்றது குரல்.

கலிவாஸ் லெப்டினன்ட் ரிகாஸைக் கூப்பிட்டார்.

"நாலுன்னா நாலு. எனக்காகக் காத்திருக்காதே. நான் மேல போயிட்டு வரேன்."

"நீங்க எதுக்கு, கேப்டன்? வேற யாரையாவது அனுப்பலாமே."

"யாரை? ஒரு பேரு சொல்லு."

ரிகாஸ் தன் கடிகாரத்தை அவர் கடிகாரத்தோடு சரிபார்த்துக்கொண்டான்.

3

பதினேழு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். மூன்று பேரால் நடக்க முடியவில்லை. மற்றவர்கள் முதுகில் தூக்கிக்கொண்டார்கள். திரும்பும் வழியில் இருநூறு அடி நீளத்துக்கு ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம். எதிர்மலையில் அந்தத் துப்பாக்கி. மூடுபனி இறங்கியிருந்தது. அது ஒரு வெள்ளைப்

(வேண்டாம். மூடுபனி மூடுபனியாகவே இருக்கட்டும்.)

பனியில் துப்பாக்கிக்காரனுக்குக் கண் தெரியவில்லை. இவர்களுக்கும் பாதை தெரியவில்லை. பாதிவழியில் பாதை வளைகிறது; வளைவைத் தவறவிட்டால் நேராகக் கீழேதான். கலிவாஸ் அவர்களிடம் ஒன்று சொல்லிவிட்டு, தனியாகத் தவழ்ந்துபோய் அந்த வளைவில் எழுந்து நின்றார். சொன்னது இது:

"நான் பேரு சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டவன் பதில் சொல்லிட்டு, என் குரலைப் பிடிச்சிட்டு வா. நடக்க முடியாதவன் தவழ்ந்து வா. என்னைத் தொட்டுட்டுத் திரும்பு. மத்தவன் மூச்சு விடக்கூடாது."

"ஸ்தெர்யோஸ்."

"வரேன், கேப்டன்."

குரல் வந்த திக்கில் துப்பாக்கி சடசடத்தது. தலைக்கு மேலே பாறை தெறித்தது. ஒரு கை அவர் மார்பைத் தொட்டுக் கடந்தது. அடுத்த பெயர். மறுபடியும் சடசடப்பு. ஒவ்வொரு பெயரும் அவர் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது. ஐந்தாவது பெயரில் ஒரு குண்டு தொப்பியைக் கொண்டுபோனது. பன்னிரண்டாவதில் இடது காதின் நுனி போனது. அவர் இடம் மாறவில்லை. மாறினால் வளைவு மாறிவிடும்.

பதினாறு பேர் கடந்தார்கள்.

"ஜிசிஸ்."

பதில் இல்லை.

4

இங்கே நான் ஒரு குற்றம் செய்தேன். என் முதல் பிரதியில் ஜிசிஸைக் கொன்றுவிட்டேன். பதினாறு பேரோடு கேப்டன் பாலத்தைக் கடக்கிறார், திரும்பிப் பார்க்கிறார், கண்ணீர். கதைக்கு ஒரு சாவு இருந்தால் கனமாக இருக்கும் என்று நினைத்தேன். கலிவாஸ் அதைப் படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"போன மாசம் அவன் பொண்ணு கல்யாணத்துல நீயும்தானே ஆடின? அவன் மூஞ்சிய பாத்து இதை எப்படிப்பா வாசிப்பே?"

நடந்தது இதுதான். "ஜிசிஸ்," என்று இரண்டாம் தடவை கூப்பிட்டார். துப்பாக்கி பதில் சொன்னது. மூன்றாம் தடவை. மறுபடியும் துப்பாக்கி மட்டும். அப்போது அவருடைய கோட்டை யாரோ பிடித்து இழுத்தார்கள். ஜிசிஸ் அவர் இடுப்புக்குக் கீழே பதுங்கி உட்கார்ந்திருந்தான். முதல் தடவை கூப்பிட்டபோதே புறப்பட்டுவிட்டான். குளிரில் தொண்டை அடைத்துப்போய்க் குரலே எழும்பவில்லை.

கலிவாஸ் அவனை அறையக் கை ஓங்கினார். ஓங்கிய கை அவன் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

பாலத்துக்கு வந்தபோது அவர் கடிகாரத்தில் நாலே கால். பாலம் அப்படியே இருந்தது. ரிகாஸ் வெடித்திரிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான்.

"மணி என்ன, ரிகாஸ்?"

ரிகாஸ் தன் கடிகாரத்தை நீட்டிக் காட்டினான். "நாலு ஆக இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு, கேப்டன்."

கலிவாஸ் தன் கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டார். கடைசி ஆள் கடந்த பிறகு பாலம் வெடித்தது. அறிக்கையில் 'சரியாக நாலு மணிக்கு' என்று எழுதினார்கள். அதற்கப்புறம் பத்தொன்பது பேரும் ஒரு ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டே, காரணமில்லாமல் சிரித்தார்களாம்.

5

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. கேட்டேவிட்டேன்.

"மூணாவது தடவையும் யாரும் கோட்டைப் பிடிக்கலைன்னா? பாலத்துல அத்தனை பேரு. மலைல ஒருத்தன். என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் கத்தரிக்கோலைத் துடைத்து உறையில் போட்டார்.

"தெரியலப்பா. அதைத் தெரிஞ்சுக்கவேண்டி வரலையே, அதுக்குத்தான் இன்னும் கோயில்ல மெழுகுவத்தி ஏத்துறேன்."

அவர் திரும்பி மலையேறுவதாக ஒரு முடிவும், பாலத்துக்கு இறங்குவதாக ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே வந்தன. இரண்டையும் கிழித்துவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை. ஜிசிஸை மட்டும் கொன்றுவிடாதீர்கள்.