ஆறு தகரத் தண்ணீர்

நவராத்திரிக்கு இன்னும் இரண்டு நாள். கனகலக்ஷ்மியின் பதினொரு மீன்களும் ஒரே பானைக்குள் இடித்துக்கொண்டு கிடந்தன. காலையில் ஒன்று மல்லாந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் கண்ணாடித் தொட்டி நிரம்பாவிட்டால் மிச்சம் பத்துக்கும் அதே கதிதான்.

தொட்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரம். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரின் சாமான்களை ஏலம் விட்டபோது, ரயில்வே குமாஸ்தாவான அவள் புருஷன் எடுத்து வந்தது. மூன்றடி நீளம், இரும்புச் சட்டம், தடித்த கண்ணாடி. அதை எதன்மேல் வைப்பது என்ற பேச்சிலேயே வாரம் ஓடிவிட்டது.

நாத்தனார் அன்னபூர்ணிக்குச் சந்தேகமே இல்லை. கொலுப்படியில்தான். மூன்றாம் படியில் தொட்டி, இரண்டு பக்கமும் ராஜா ராணி பொம்மை, நடுவே மீன் நீந்த உயிரோடு காவேரி. ஒண்டிக்கொப்பல் பேட்டை முழுக்கச் சொல்லியும் வைத்துவிட்டாள்.

"முப்பது வருஷமா நிக்கற படி கனகா. எங்கப்பா தேக்குல செஞ்சது. ஒரு பொம்மை விழுந்திருக்கா? நீ சும்னே இல்லாததுக்குப் பயப்படறே."

"உங்க பொம்மை அத்தனையும் சேர்ந்தா ஒரு தகரத் தண்ணி கனம் வராது அக்கா. இதுக்கு ஆறு தகரம்."

கொல்லையில் தொட்டி ஒழுகுகிறதா என்று நிரப்பிப் பார்த்தபோதே எத்தனை தகரம் என்று அவள் எண்ணியிருந்தாள். ஒரு மண்ணெண்ணெய்த் தகரம் தண்ணீரை இடுப்பில் ஏற்றவே மூச்சு முட்டும். அப்படி ஆறு. கண்ணாடியும் இரும்பும் தனி.

வாதம் பண்ண அவளுக்குப் பொறுமையில்லை. ஆறு தகரத்தையும் நிரப்பினாள். மூன்றை மூன்றாம் படியில் வரிசையாக வைத்தாள். பலகை பேசாமல் இருந்தது. அன்னபூர்ணி சிரித்தாள். நாலாவதை மேலே ஏற்றியதும் பலகை நடுவில் தொய்ந்தது. ஐந்தாவதற்கு மூட்டு முனகி, ஆணி ஒன்று பாதி வெளியே வந்தது.

ஆறாவதை ஏற்றவில்லை. "போதுமா அக்கா?"

அன்னபூர்ணி அந்த ஆணியை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தாள்.

கனகலக்ஷ்மி கொல்லைக் கதவைத் திறந்தாள். கொள்ளேகால் தச்சன் சித்தையன் காத்திருந்தான். நாலு நாளுக்கு முன்பே அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். ரயில்வேயில் கழித்துப் போட்ட, தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளில் ஆணித்துளையும் உளுத்த இடமும் அறுத்தெறிந்து, நல்ல பாகத்தில் ஒரு மேடை செய்திருந்தான். இடுப்புயரம், தொடைப் பருமனில் நாலு கால், ஆடாமலிருக்கக் குறுக்கே சட்டம். அழகு என்று ஒன்றுமில்லை.

"இதுல எருமையைத்தான் கட்டணும்," என்றாள் அன்னபூர்ணி.

"கட்டுங்க அம்மிணி," என்றான் சித்தையன். "எருமை அத்துக்கிட்டுப் போனாலும் போகும். இது போகாதுங்க."

சுவரோரம் மேடையை நிறுத்தி ஆறு தகரத்தையும் அடுக்கினார்கள். சித்தையன் அதன்மேல் ஏறியும் உட்கார்ந்தான். அசைவில்லை. பிறகு தொட்டியை ஏற்றித் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். மூன்றாவது தகரம் விட்டதும் கனகலக்ஷ்மி கையைக் காட்டி நிறுத்தினாள். தண்ணீர் மட்டம் இடது மூலையில் ஒரு விரல்கடை ஏறியிருந்தது. மேடையில் குற்றமில்லை, தரைக்கல்தான் சரிவு.

"விரல்கடைதானுங்களே அம்மிணி."

"பாரமெல்லாம் ஒரு மூலைக்குப் போனா கண்ணாடிதான் வாங்கிக் கட்டிக்கும். தண்ணியை எடுங்க."

"மணி நாலாச்சு," என்றாள் அன்னபூர்ணி. "மீன் செத்துண்டிருக்கு, நீ மட்டம் பாக்கறே."

"தொட்டி வெடிச்சா மொத்தமாச் செத்துடும் அக்கா. ஒரு செம்பு எடுத்துண்டு வாங்க."

அன்னபூர்ணி இரண்டு செம்பு கொண்டுவந்தாள். மூன்று பேரும் மொண்டு மொண்டு இறைத்தார்கள். சித்தையன் இரண்டு கால்களுக்கு அடியில் கற்பலகைச் சில்லைச் செருகித் தட்டினான். மறுபடி ஆறு தகரம் விட்டபோது, தண்ணீர் இரும்புச் சட்டத்துக்கு ஒரே கோடாக நின்றது.

பானையைச் சாய்த்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து. எல்லாம் நீந்தின.

அன்னபூர்ணி ராஜா ராணியைத் தூக்கிக்கொண்டு மேடையருகே வந்தாள். தொட்டிக்கு முன்னால் தரையில் ஒரு மணையைப் போட்டு, பொம்மைகளை அதன்மேல் வைத்தாள்.

"மேடையோட காலை மறைக்க என் பழைய ஜரிகைப் புடவை ஒண்ணு தரேன்."

"தாங்க. மேல மட்டும் ஒண்ணும் வைக்காதீங்க."