ஒரே காலையில் வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்

ஆபீஸில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை எல்லாரும் மறந்து ஏழு வருஷம் ஆகிறது. வலைப்பதிவு எழுதுகிறவர்கள் முதலில் ஆரம்பித்தார்கள், அப்புறம் எல்லாருக்கும் அவள் ஓடைக்காரி ஆகிவிட்டாள். அவள் பார்த்துக்கொண்டது ஒரு திரட்டி. ஊரெல்லாம் உட்கார்ந்து எழுதுகிறவர்களின் புதுப் பதிவுகளைத் தேடிப்போய் எடுத்து வந்து ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டுகிற தளம். தலைப்பு, தேதி, முதல் நாலு வரி எல்லாம் ஒவ்வொரு வலைப்பதிவிலிருந்தும் தானாக வந்து விழுகிற ஏற்பாட்டுக்குத்தான் ஓடை என்று பேர்.

மொத்தம் இருநூற்று எண்பத்து மூன்று ஓடைகள். தினமும் நாலைந்தாவது மக்கர் பண்ணும். ஒருத்தர் தலைப்பில் வேண்டாத குறி ஒன்றைப் போட்டு முழு ஓடையையும் உடைத்து வைப்பார். இன்னொருத்தர் முகவரியை மாற்றிவிட்டு மூச்சு விடாமல் இருந்துவிட்டு, மூன்று வாரம் கழித்து, "என்னை மட்டும் ஏன் ஒதுக்குறீங்க?" என்று மின்னஞ்சலில் குதிப்பார். அவள் எல்லாருக்கும் பதில் எழுதுவாள், எல்லாவற்றையும் சரி பண்ணிக் கொடுப்பாள். யாருக்கும் தெரியாமல் செய்கிற வேலை என்பதாலேயே அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒழுங்காக நடந்தால் அவள் இருப்பதே ஒருவருக்கும் ஞாபகம் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

பூட்டுக்கடை மாடியில் இரண்டே அறை. எட்டரை மணிக்குக் கதவைத் திறந்து, பையைக் கூட இறக்காமல் கணினியைத் தட்டினாள். முதல் பக்கம் முழுக்கக் கண்ணாடிக்கடைக்காரர். இரண்டாம் பக்கமும் அவர்தான். மூன்று, நாலு, பத்து என்று தள்ளிக்கொண்டே போனாள். கண்ணாடிக்கடைக்காரரைத் தவிர உலகத்தில் வேறு யாருமே எழுதவில்லை போலிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கடைக்கு வருகிறவர்களைப் பற்றி மாசத்துக்கு மூன்று நாலு எழுதுவார். சின்னச் சின்னப் பதிவுகள், நல்ல கை. அவர் எட்டு வருஷமாக எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டும் இன்றைய தேதி போட்டுக்கொண்டு வந்து இறங்கியிருந்தன.

ஓடைக்காரி முதல் வேலையாக அந்த ஓடையை நிறுத்தி வைத்தாள். பிறகு உட்கார்ந்து அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தாள். விஷயம் பத்து நிமிஷத்தில் பிடிபட்டது. அவருடைய மகள் நடுராத்திரி தாண்டி வலைப்பதிவைப் புது இடத்துக்கு மாற்றியிருக்கிறாள். மாற்றும்போது ஒவ்வொரு பதிவுக்கும் இருந்த அடையாளக் குறி மாறிவிட்டது. எழுதிய தேதிக்குப் பதிலாக, மாற்றிய தேதி முன்னால் வந்து நின்றுவிட்டது. பற்றாக்குறைக்கு, கடைசிப் பத்தை மட்டும் அனுப்பவேண்டிய ஓடை, இருப்பது மொத்தத்தையும் அனுப்பியிருக்கிறது. திரட்டி பாவம், எல்லாம் புதுசு என்று நம்பிவிட்டது.

சரி, அப்படியே வந்தாலும் நாளுக்கு ஐந்துக்கு மேல் எடுக்காதே என்று ஒரு கட்டுப்பாடு உண்டே? போய்ப் பார்த்தாள். கட்டுப்பாடு எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது யார்? அவளேதான். நேற்றுச் சாயங்காலம், இரண்டு வாரமாக அடைத்துக்கிடந்த வேறொருவர் ஓடையைச் சரி செய்து, தேங்கிய பதினாலு பதிவும் உள்ளே வரட்டும் என்று தளர்த்தியவள், திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அடக் கடவுளே, கோட்டை விட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் வாசகர்கள் வேலையை ஆரம்பித்திருந்தார்கள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்ற பதிவுக்குக் கீழே இருபது பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண் படிப்பை முடித்து வேலைக்கே போய்விட்டாள். 'எங்கள் பூனையைக் காணோம்' என்ற ஏழு வருஷத்துக்கு முந்தைய பதிவைப் பார்த்துவிட்டு ஒருத்தர், அடையாளம் எல்லாம் பொருந்துகிற பூனை ஒன்றைப் பிடித்துக் கூடையில் வைத்திருப்பதாகவும் எங்கே கொண்டுவரவேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஓடைக்காரி அவருக்கு அவசரமாக எழுதினாள்: 'தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அது வேறு யாருடைய பூனையோ!' கவிதை எழுதுகிறவர் ஒருத்தர் போனிலேயே வந்துவிட்டார். "ராத்திரி முழுக்க உக்காந்து எழுதினது மேடம். பதினோராம் பக்கத்துல அனாதையாக் கெடக்கு."

"அரை மணி நேரம் குடுங்க, மேல கொண்டுவந்துடறேன்" என்று அவரை அமர்த்தி வைத்தாள்.

மறுபடி போன். யாரோ மூச்சிரைக்கப் பேசினார். பின்னால் ஒரே கூட்டச் சத்தம்.

"திரட்டி ஆபீஸ்தானே? பக்கத்துக்குக் கீழ இந்த நம்பர் இருந்துச்சு. கண்ணாடிக்கடை எழுதறாரே, அவர் எந்த வார்டுல இருக்கார்னு தெரியுமாங்க? நான் பெரியாஸ்பத்திரியிலதான் நிக்கறேன். இங்க அப்படி யாருமே இல்லைங்கறாங்க."

"வார்டா? அவர் எதுக்குங்க வார்டுல இருக்கணும்?"

"இன்னிக்கு ஆபரேஷன்னு எழுதியிருக்காரே. நான் அவர் தம்பி."

ஓடைக்காரி அவசர அவசரமாகப் பட்டியலைத் தள்ளித் தேடினாள். இருந்தது. 'இன்றைக்குக் காலையில் பெரியாஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன். பயமில்லை. தம்பி பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நான் பேசின பேச்சுக்கு அவனை எந்த வாயால் கூப்பிடுவது?' எழுதி ஆறு வருஷமாகிறது.

"சார்" என்றாள். "அது பழைய பதிவுங்க. ஆறு வருஷத்துக்கு முந்தினது. எங்க தளத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. தப்பு என்னோடது. உங்க அண்ணன் நல்லா இருக்கார். போன வாரம் கூட எழுதியிருக்கார்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். திட்டப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"ஆறு வருஷம் முன்னாடி கூப்பிட்டிருக்கான்" என்றார் அவர் மெதுவாக. "நான் பாக்கவே இல்லையே."

"நீங்க அங்கயே இருங்க சார். நான் வர்றேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அடுத்த அறையில் தளத்துக்குத் தலையங்கம் எழுதிக்கொண்டிருந்த ஆசிரியரிடம், "ஒரு தப்பு பண்ணிட்டேன், சரி பண்ணிட்டு வந்து சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பறையில் அவரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஐம்பது வயதுக்காரர். ஒரு கையில் ஃபிளாஸ்க், கக்கத்தில் தலையணை, தோளில் நோயாளியோடு பத்து நாள் தங்குவதற்கான பை. அண்ணனுக்கும் அவருக்கும் நடந்த கதையை, கடைக்கு நடந்துபோகிற வழியில் சுருக்கமாகச் சொன்னார். ரயிலில் கார்டு வேலை. அப்பாவுக்கு முடியாமல் போனபோது ரயிலோடு எங்கேயோ இருந்தார். சேதி கிடைத்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் கால் வைத்ததும், அத்தனை பேர் முன்னால், "இப்ப எதுக்குடா வந்தே?" என்று அண்ணன் கேட்டுவிட்டார். வைத்த காலை எடுத்துக்கொண்டு போனவர் அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எட்டு வருஷம். அண்ணன் கடை மாறினார், நம்பர் மாறியது, ஒருத்தருக்கொருத்தர் எதுவும் தெரியாமல் போயிற்று. மூன்று வருஷம் முன்னால் திரட்டியில் தற்செயலாக ஒரு பதிவைப் படித்தார். இரண்டு வரியிலேயே அண்ணன் குரல் என்று தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஒன்று விடாமல் படிக்கிறார். பின்னூட்டம் மட்டும் போட்டதில்லை.

"போன வாரம் யாரோ மூக்குக்கண்ணாடி மேல உக்காந்த கதையை எழுதினவன், இன்னிக்குக் காலையில ஆபரேஷன்னா பதறாதா? ஆறு மணிக்குப் பாத்தேன். கெடைச்ச வண்டியில ஏறிட்டேன். டூட்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டேன். இந்த வாட்டி லேட்டாகக் கூடாதுன்னு..."

பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு வேகமாக நடந்தார்.

கடை வாசலுக்கு வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. தலையணையை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றினார். "அவன்தான் நல்லா இருக்கானே. நான் அப்படியே கெளம்பிடட்டுமா?"

"தலையணையோட இவ்வளவு தூரம் வந்துட்டு?" என்றாள் அவள். கதவைத் தள்ளிக்கொண்டு அவளே முதலில் நுழைந்தாள்.

உள்ளே கண்ணாடிக்கடைக்காரர் ஒரு வில்லையின் ஓரத்தை இயந்திரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார். தன்னுடைய கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றி வைத்திருந்ததால் வந்தவர்கள் யார் என்று தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க. ரெண்டே நிமிஷம்" என்றார் பொதுவாக. பதில் வராததால் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பார்த்தபடியே நின்றுவிட்டார். இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

தம்பிதான் வாயைத் திறந்தார். "ஆபரேஷன் எப்படி ஆச்சு?"

"எந்த ஆபரேஷன்?"

"வயித்துல."

"அது ஆறு வருஷம் ஆச்சேடா."

"தெரியும். இப்பத்தான் இவங்க சொன்னாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டேன்."

அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். "நல்லாத்தான் ஆச்சு" என்றார். "பத்து நாள் வெச்சிருந்தாங்க."

"கூட யார் இருந்தா?"

"பொண்ணு இருந்தா."

"ம்."

ஓடைக்காரிக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. "சார், உங்க பதிவு மொத்தமும் இன்னிக்குப் புதுசா வந்துடுச்சு. என் கவனக்குறைவு. மன்னிச்சுக்கணும்" என்றாள்.

"மொத்தமுமா? முந்நூத்திப் பன்னெண்டுமா?" கண்ணாடிக்கடைக்காரர் எண்ணிக்கையைத் தப்பில்லாமல் வைத்திருந்தார். "யாராவது படிச்சாங்களா?"

"நாலாயிரம் பேருக்கு மேல."

"பரவாயில்லையே!" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

தம்பி மெல்லச் சிரித்தார். கடையைச் சுற்றிப் பார்த்தார். "அந்த டீச்சரம்மா பச்சை ஃப்ரேமைக் கடைசியில வாங்கினாங்களா இல்லையா? நீ எழுதவே இல்ல."

அண்ணனுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது முகம் கோணிக்கொண்டது. "நீ படிக்கறியாடா?"

"மூணு வருஷமா."

கண்ணாடிக்கடைக்காரர் கிட்டே வந்து, தலையணையையும் ஃபிளாஸ்க்கையும் தம்பி கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தார். "முதல்ல உக்காரு. என்ன இப்படிக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறே? எத்தனை நாளா இப்படி?" நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்து, பரிசோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டார். "மூணாவது வரி படி."

"ட... ப... அடுத்தது தெரியல."

"அழுதுட்டே பாத்தா எப்படிடா தெரியும்? கண்ணைத் தொடை."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓடைக்காரி சத்தம் போடாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

திரும்பும்போது பஸ் பிடிக்கத் தோன்றவில்லை. வெயில் இதமாக இருந்தது, ஆற அமர நடந்தாள். ஆபீஸுக்கு வந்து ஆசிரியரிடம் நடந்தது எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"தப்பு தப்புதாம்மா. அந்தக் கட்டுப்பாடு இனிமே அன்னிக்கு ராத்திரியே தானாத் திரும்பிப் போட்டுக்கற மாதிரி பண்ணிடு. மனுஷங்க மறப்பாங்க."

"அதைத்தான் முதல்ல பண்ணப்போறேன் சார்."

"தம்பிக்குக் கண்ணாடி வேணுமாமா?"

"கேக்காம வந்துட்டேனே" என்றாள். அவர் ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தாள். மாற்றிய தேதியை விட்டுவிட்டு எழுதிய தேதியை எடுக்கும்படி செய்தாள். குறி மாறியிருந்தாலும் தலைப்பும் முதல் வரிகளும் ஒன்றாக இருந்தால் பழசு என்று தள்ளிவிடும்படி ஒரு சல்லடை போட்டாள். கண்ணாடிக்கடைக்காரரின் மகளைப் போனில் பிடித்து, கடைசிப் பத்துப் பதிவு மட்டும் போகிற மாதிரி ஓடையை மாற்ற வைத்தாள். "அப்பாவும் சித்தப்பாவும் கடையைப் பூட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண். "ரெண்டு பேரும் சத்தமா சண்டை போட்டுக்கறாங்க."

"சண்டையா?"

"டீச்சரம்மாவுக்குப் பச்சை ஃப்ரேம் பொருத்தமா இல்லையான்னு."

முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளும் ஒவ்வொன்றாக அதனதன் வருஷத்துக்குத் திரும்பிப் போயின. கவிதை முதல் பக்கத்துக்கு வந்தது. அவள் நிறுத்தி வைத்த ஓடையைத் திறந்துவிட்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தாள். புதிதாக எதுவும் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, காலையிலிருந்து தோளிலேயே கிடந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.