மூன்று முறை கேட்பார்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாலந்தா இடிபாடுகளில் ஓர் அறையைப் பார்த்ததில் பிறந்த கதை இது. இரண்டு கல் படுக்கைகள், நடுவே ஒரு முழம் இடைவெளி. கை நீட்டினால் பக்கத்து ஆளைத் தொடலாம். தங்கியிருந்த பக்கத்து ஊரான சிலாவுக்குத் திரும்பி, அந்த ஊர் இனிப்பான காஜாவை மென்றபடி எழுத உட்கார்ந்தேன்.

"பத்தாயிரம் மாணவர்கள் பயின்ற அம்மகாவிகாரையில்..."

(அடித்துவிட்டேன். பத்தாயிரம் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இரண்டு பேர் போதும்.)

2

ஜினகோஷன் திக்குவாய். சூத்திரங்களை ராகமாக ஓதும்போது மட்டும் திக்காது. அறைத்தோழன் குணமித்திரனுக்கு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மனப்பாடம் செய்த அத்தனையையும் அது துடைத்துக்கொண்டு போய்விட்டது.

"நான் எந்த ஊருடா?"

"தா... தாம்ரலிப்தி."

"கடல் இருக்குமா?"

"இ... இருக்கும். தூங்கு."

தினமும் இதே கேள்வி. ஜினகோஷன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

3

படித்ததெல்லாம் மறந்து, வாதம் செய்ய முடியாமல் போன குணமித்திரனை ஊருக்கே அனுப்பிவிடலாம் என்று சபை கூடியது. பௌத்த சங்கத்தில் தீர்மானத்தை மூன்று முறை அறிவிப்பார்கள். ஒப்புக்கொள்பவர் பேசாமல் இருக்க வேண்டும், ஒப்பாதவர் பேச வேண்டும். ஒரே ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

(வழக்கம் உண்மை, அனுப்புவது என் கற்பனை. நோயாளியை வெளியே தள்ளுவார்களா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் படித்தவர்கள் கூடி, நல்லது என்று நினைத்தே செய்யும் கொடுமைகளைப் பார்த்திருக்கிறேன்.)

முதல் முறை கேட்டார்கள். ஜினகோஷன் எழுந்தான். முதல் எழுத்திலேயே திக்கி நின்றான்.

இரண்டாம் முறை.

"வே... வே..."

"என்னப்பா, தும்மலா?" என்றார் தலைவர். சிலர் சிரித்தார்கள். "உக்காரு, கால் வலிக்கப்போகுது."

4

அவன் மறுப்பை ராகமாகப் பாடிவிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். ரொம்ப அழகாக இருந்தது, அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. இன்னொன்றில் சொல் வருவதற்குள் மூன்றாம் முறையும் முடிந்து, குணமித்திரன் தெரியாத பாதையில் தனியாக...

இல்லை. என்னால் முடியாது.

5

ஜினகோஷன் வாய் திறந்தபடி நிற்கிறான். குணமித்திரன் வாசலில் மூட்டையோடு நின்று, "எங்கடா போறோம்?" என்று சிரித்துக்கொண்டே அவனைக் கேட்கிறான். போறோம் என்கிறான், பாருங்கள்.

கதை படிப்பவர்கள் வாய் திறப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்றாம் முறையை உங்களிடம்தான் கேட்கிறேன். குணமித்திரனை அனுப்பச் சம்மதிப்பவர்கள் பேசாமல் இருங்கள்.

மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லுங்கள். திக்கினாலும் பரவாயில்லை.