இடது காலில் அம்மா

அந்தக் கம்பெனியில் யாரும் எதையும் விற்பதில்லை. 'பகிர்ந்துகொள்வார்கள்'. வாய் தவறி யாராவது விற்பனை என்று சொல்லிவிட்டால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பகிர்ந்துகொள்ளப்பட்டது ஒரு பச்சைப் பவுடர். தண்ணீரில் கரைத்துக் குடித்தால் முடி கொட்டுவதிலிருந்து மூட்டுவலி வரை, மாமியார் தொல்லை நீங்கலாக, எல்லாம் சரியாகிவிடுமாம். பகிர்ந்துகொள்வதற்கு டப்பாவின் மேல் ஒரு விலையும் அச்சடித்திருந்தார்கள்.

அதோடு விட்டிருந்தால் போகிறது என்று இருந்திருக்கலாம். அவர்கள் உறவுமுறையிலும் கைவைத்தார்கள். கம்பெனி என்பது ஒரு குடும்பம். ஆகவே உங்களை உள்ளே கொண்டுவந்தவர் உங்களுக்கு அண்ணன், அல்லது அக்கா. நீங்கள் கொண்டுவந்தவர் தம்பி, அல்லது தங்கச்சி. யார் எப்போது பிறந்தார்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது. இப்படித்தான் கத்திரிக்காரி, தான் இடுப்பில் சுமந்து வளர்த்த தம்பியை நாலு பேர் முன்னால் 'அண்ணே' என்று கூப்பிடும்படி ஆயிற்று. மூக்கு ஒழுகினால் துடைத்துவிட்ட கையாலேயே அவனுக்கு வணக்கமும் வைத்தாள்.

கத்திரிக்காரி என்பது தெரு வைத்த பெயர். மருந்துக்கடை மாடியில் பெண்களுக்கு மட்டுமான ஒரு சின்ன பார்லர். ஒரே அறை, இரண்டு நாற்காலி. ஒரு நாற்காலியில் இவள் முடி வெட்டுவாள். மற்றதில் நூல்காரி புருவம் திருத்துவாள். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிற வேலை என்பதால் நூல்காரியால் வேலை நேரத்தில் பேச முடியாது. அவளுக்கும் சேர்த்துக் கத்திரிக்காரி பேசுவாள். நூல்காரி இரண்டு வயது மூத்தவள். இவள் 'அக்கா' என்பாள், அவள் 'வாடி, போடி' என்பாள். வாடகையில் பாதி, டீயில் பாதி, ஊர்வம்பில் பாதி என்று பல வருஷம் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கடை அது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு லிஃப்ட் மேலே போக வேண்டுமானால் மறுபக்கத்தில் ஒரு எடை கீழே இறங்கியாக வேண்டும். அதை எண்ணெய் போட்டுப் பழுதுபார்த்துச் சம்பளம் வாங்கியவன். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கழுத்தில் டை கட்டிக்கொண்டு பார்லருக்கு வந்தான். இங்கே எல்லாரும் மேலேதான் போவோம், யாரும் கீழே வரமாட்டோம் என்றான். அப்போது அக்கா ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அவளோ டை அவனுக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கால் வேண்டும் என்றான் தம்பி. ஒவ்வொருவருக்கும் கீழே இடது கால் ஒருவர், வலது கால் ஒருவர். அந்தக் கால்களுக்கும் கால்கள். கடவுள் கொடுத்த இரண்டு காலால் வேலைக்குப் போய்வந்து மனிதர்கள் பிழைத்தது அந்தக் காலம் போலிருக்கிறது. இடது காலுக்கு ஆள் ஆயிற்று, வலது கால்தான் பாக்கி என்று சொல்லி அவள் முகத்தைப் பார்த்தான். இடது கால் யார் என்று அவள் கேட்கவில்லை. தம்பி கேட்டு அவள் இல்லையென்று சொன்னதும் இல்லை.

அவளுக்கு வேண்டிய கால்களுக்கு அவள் ரொம்ப தூரம் போகவில்லை. அடுத்த நாற்காலிக்குப் போனாள். நூல்காரி புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கையில் இருந்தது இரண்டு வளையல். "நீ சொன்னா சரிதான்டி" என்று சொல்லி அதைக் கழற்றி விற்றுப் பணம் கட்டினாள். மறுநாள் காலை கடைக்குள் நுழையும்போதே, "வணக்கம் அக்கா" என்றாள். கம்பெனி விதி. முதலில் இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு வாரத்தில் சிரிப்பு நின்றது, 'அக்கா' நின்றபாடில்லை. வாடி போடி என்பதற்கு ஒரு ஆள் இல்லாமல் போனது கத்திரிக்காரிக்கு என்னவோ போலத்தான் இருந்தது. பழகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் தொழிலே தலை. ஆகவே யார் தலையில் வேண்டுமானாலும் கட்டிவிடலாம் என்று தம்பி கணக்குப் போட்டிருந்தான். ஈரத்தலையோடு, கழுத்தைச் சுற்றித் துணியோடு உட்கார்ந்திருக்கிறவள் எங்கே எழுந்து ஓடுவாள்? பாதி வெட்டிய முடியோடு பவுடர் மகிமையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்டார்கள். தலையும் ஆட்டினார்கள். அடுத்த முறை முடி வளர்ந்தபோது பக்கத்துத் தெருக் கடைக்குப் போனார்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சின் மேல் டப்பாக்கள் ஏறின. காத்திருக்க ஆளும் இல்லை என்பதால் அது யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. நூல்காரி தன் பங்கு டப்பாக்களைத் தானே கரைத்துக் குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். வயிறு ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டால், உடம்பிலிருக்கும் கெட்டது எல்லாம் வெளியேறுகிறது என்று கம்பெனியில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் கத்திரிக்காரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவே இல்லை. அந்த வெறுங்கை நூலை இழுப்பதைக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சில் கத்தி வைத்தது மாதிரி இருந்தது. அவளை எப்படியாவது இதிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று தோன்றும். மறுபடி தம்பியின் டை ஞாபகம் வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுவாள்.

தம்பிக்குத் தங்கப் பதக்கம் கிடைக்கப்போகிறது என்று கூட்டத்துக்கு அழைப்பு வந்தது. வாடகை மண்டபம், உறை போட்ட நாற்காலிகள், எலும்பு நடுங்கும் ஏசி. உள்ளே விடுவதற்கு முன் வாசலிலேயே கைதட்டும் ஒத்திகை நடந்தது. மேடையில் யார் பேச்சை நிறுத்தினாலும் உடனே தட்ட வேண்டும். நீளமாக நிறுத்தினால் எழுந்து நின்று தட்ட வேண்டும். ஒரு பெரியவர் நடுவில் இருமுவதற்காக நிறுத்தினார். அதற்கும் தட்டினார்கள். பெரியவர் தன் இருமலில் ஏதோ விஷயம் இருக்கிறது போலும் என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை இருமினார்.

நடத்தியவர், தங்கத்துக்கும் மேலே வைரப் பதக்கம் வாங்கிய 'வைர அண்ணன்'. நீலக் கோட்டு, காதோடு ஒட்டிய மைக். கூலி வேலை செய்கிறவர்களைப் பார்த்து, இன்னொருவருக்கு உழைத்துக் கொடுப்பது அடிமைத்தனம் என்றார். தட்டினார்கள். அவர் கோட்டின் பொத்தான்கள் யார் உழைப்பில் மின்னின என்று கேட்க அங்கே ஆளில்லை. பிறகு அவர் குரலைத் தழைத்துக்கொண்டு, இன்று தங்கம் பெறும் அண்ணனின் வெற்றிக்குக் காரணம் அவருடைய இடது கால், அந்த இடது கால் வேறு யாருமல்ல, அவரைப் பெற்ற தாய் என்றார்.

"அம்மா, மேடைக்கு வாங்கம்மா."

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. தட்டாமல் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். கத்திரிக்காரி ஒருத்தி, அவள் பக்கத்தில் சுவரைப் போல வெளுத்துப்போன தம்பி.

அம்மா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அடையாள அட்டை மட்டும் அவனிடம் இருந்திருக்கிறது. வாசலில் எவன் எதை விற்க வந்தாலும் "வேண்டாம் போப்பா" என்று கதவைச் சாத்துகிறவள் அம்மா. உயிரோடு இருந்தவரை ஒருவனாலும் அவள் தலையில் ஒரு சீப்பைக்கூடக் கட்ட முடிந்ததில்லை. செத்த பிறகு பெற்ற பிள்ளை கட்டிவிட்டான்.

தம்பி அவள் பக்கம் குனிந்தான். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து 'தங்கச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், உதறலில் விதியை மறந்தான்.

"அக்கா, நீ போக்கா. அம்மான்னு சொல்லி ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடு. உனக்குத்தான் நரை இருக்கே."

அந்த 'அக்கா'வுக்காகத்தான் எழுந்தாள். ஆனால் படியேறும்போது உடம்பெல்லாம் எரிந்தது. மேலே நின்று பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நூல்காரி, வெறுங்கையால் மற்றவர்களைவிடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். உண்மையை ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட்டால் போதும், இந்தக் கூத்து கலைந்துவிடும், அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கத்திரிக்காரி நினைத்தாள். தம்பி மானம் போகும். போகட்டும்.

"எங்க அம்மா செத்து ஒம்பது வருஷம் ஆச்சு. இந்தப் பவுடரை அவங்க கண்ணால பாத்ததில்லை."

கூத்து கலையட்டும் என்று நிறுத்தினாள்.

தட்டினார்கள். அவள் நீளமாக நிறுத்தியதால் எழுந்து நின்று தட்டினார்கள்.

வைர அண்ணன் ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான். பிறகு அவள் தோளில் கைவைத்துக் கூட்டத்தைப் பார்த்தார்.

"கேட்டீங்களா? செத்தும் மேல போயிட்டே இருக்காங்க அந்தத் தாய். செத்தவங்களுக்கும் வருமானம் தர்ற தொழில் வேற எங்கயாவது உண்டா?"

மண்டபம் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தம்பி மேடைக்கு ஓடிவந்து தன் பதக்கத்தையும் அம்மாவின் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகை நிஜம் என்று கத்திரிக்காரிக்குத் தெரிந்தது. அம்மா செத்த அன்றைக்குக்கூட அவன் இப்படி அழவில்லை.

அவள் இறங்கி நேராக மூன்றாவது வரிசைக்குப் போனாள். நூல்காரியின் முகம் பளபளவென்று இருந்தது. இவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்ப எங்க வீட்டுக்காரரையும் சேத்துடலாமா? அவரு அட்டையும் பெட்டியில பத்திரமாத்தான் இருக்கு."

கத்திரிக்காரி அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசற்படியில் வெயில் சுள்ளென்று அடித்தது. அங்கே நிறுத்தி, தோளைப் பிடித்துச் சொன்னாள்.

"என்னை அக்கான்னு கூப்பிடாத. நீதான் எனக்கு அக்கா. உன்னை இதுல தள்ளிவிட்டது கம்பெனி இல்லை, நான். உன் வளையலுக்கு நான்தான் பொறுப்பு, செஞ்சு போடுறேன். இந்தச் சனியனை இன்னியோட தலைமுழுகிடு."

பின்னாலேயே தம்பி ஓடிவந்தான். கழுத்தில் இரண்டு பதக்கம், கண்ணில் இன்னும் ஈரம். "தங்கச்சி, போட்டோ எடுக்கணும்னு வைர அண்ணன் கூப்பிடறாரு" என்றான்.

"டேய்" என்றாள் கத்திரிக்காரி. ஒரு வருஷமாக வாய்க்குள் கிடந்த சொல். "அம்மாவை என்கிட்ட குடுத்துட்டுப் போடா."

அவனுக்குப் புரிந்தது. தயங்கித் தயங்கி ஒரு பதக்கத்தைக் கழற்றினான். எது தன்னுடையது, எது அம்மாவுடையது என்று தெரியாமல் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டும் ஒரே மாதிரித் தகரம். கடைசியில் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். உள்ளே யாரோ பேச்சை நிறுத்தினார்கள் போலிருக்கிறது, கைதட்டல் கேட்டது.

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். நூல்காரி, பல்லில் நூல் இருப்பவளைப் போல வாயை இறுக்கிக்கொண்டு வந்தாள். கோபமாக இருக்கிறாள், கடைசியில் திட்டப்போகிறாள் என்று கத்திரிக்காரி காத்திருந்தாள். பார்லர் படி ஏறும்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"வளையல் கிடக்கட்டும்டி" என்றாள். "மனுஷன் சாகறவரைக்கும் மூட்டைதான் தூக்கினாரு. ஒரு தடவை அவரு பேரையும் மைக்குல கூப்பிட்டு எல்லாரும் தட்டுவாங்கன்னு பாத்தேன்."

கத்திரிக்காரி பெஞ்சின் மேலிருந்த டப்பாக்களைத் தரையில் இறக்கி அவளுக்கு உட்கார இடம் செய்துகொடுத்தாள்.