டிரெட்மில் காட்டிய நானூறு

அண்ணனுக்குக் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. என்னுடையதில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம், ரத்தம் பொருந்துகிறது என்றார்கள். ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் என் கல்லீரலில் அத்தனை கொழுப்பு. "மூணு மாசத்துல அஞ்சு கிலோ குறைங்க. அதுக்கு மேல உங்க அண்ணனால தாங்க முடியாது" என்றார் டாக்டர். இருபது வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஊரார் இடுப்பையெல்லாம் அளந்தவள் நான். இப்போது என் இடுப்பை அளக்க ஆள் வந்துவிட்டது.

கடைக்கு மேல்மாடியிலேயே ஜிம். டிரெட்மில்லில் வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டி வைத்து நடந்தேன். அரை மணி நேரத்தில் திரை நானூறு கலோரி என்று காட்டும். சோற்றையும் குறைத்தேன். மூன்று வாரத்தில் குறைந்தது அரை கிலோ. வந்த கோபத்துக்கு எடை மெஷினை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன்.

அண்ணி தினமும் போன் செய்வாள். எடையைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். "சாப்டியா?" என்பாள், உடனே பதறிப் பேச்சை மாற்றுவாள்.

நாலாவது வாரம். கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டு மூன்று முறை அளவை மாற்றிய ஒருத்தியைப் பற்றி, நடந்துகொண்டே ஜிம் பயிற்சியாளப் பெண்ணிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இந்த ஏத்தத்துல இந்த வேகத்துல நடந்தா ரெண்டு வார்த்தை பேச முடியாது. நீங்க கதையே சொல்றீங்க."

"என் வாய் அப்படி."

"வாய் இல்லக்கா, கை. கம்பியப் பிடிச்சுத் தொங்குறீங்க, உங்க எடைய அது தாங்குது. மெஷினுக்கு அது தெரியாது. வேகத்தையும் ஏத்தத்தையும் வெச்சு அதுபாட்டுக்குக் கணக்குப் போடுது."

கையை எடுத்தேன். இரண்டே நிமிடத்தில் மூச்சு வாங்கியது. அவள் வேகத்தையும் ஏற்றத்தையும் இறக்கினாள். "பேச்சு வரணும், பாட்டு வரக்கூடாது. அதான் உங்க வேகம். அம்பது நிமிஷம் நடங்க." முடிவில் திரை இருநூற்றுச் சொச்சம்தான் காட்டியது. ஆனால் அது நான் நடந்து எரித்தது.

படியிறங்கும்போதுதான் உறைத்தது. கம்பியைப் பிடிக்காதீர்கள் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எடை குறையாத ஒவ்வொரு வாரமும், கோபத்துக்கு அடியில் எனக்கு நிம்மதியாக இருந்தது. கத்தி படாமல் தப்பித்துக்கொள்கிறேனே என்ற நிம்மதி. கூடப் பிறந்தவன் அங்கே மஞ்சளாகிக்கொண்டிருக்கிறான். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப்பின் ஒன்பது வாரம் கை வீசி நடந்தேன். ஐந்து கிலோ இறங்கியது. மறு ஸ்கேனும் நன்றாகவே வந்தது.

டாக்டர் அண்ணியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்கள யாரும் வற்புறுத்தலியே? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. பொருந்தலன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லுவோம். காரணம் வெளிய போகாது."

கதவுக் கண்ணாடி வழியாக அண்ணி தெரிந்தாள். தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆயுசுக்கும் யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

"பயமா இருக்கு டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "சரிம்மா, அப்படின்னா..."

"வேண்டாம்னு சொல்லல. பயமா இருக்குன்னுதான் சொன்னேன். அதையும் எழுதிக்குங்க, கீழயே ஆபரேஷன் தேதியையும் போட்டுடுங்க."